சபையில் என் மகள் வாசித்த கீபோர்டு

என் மகளுக்குக் கீபோர்டு என்றால் உயிர் என்று நான் சபையில் எழுந்து சொன்னது பொய்யில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் சந்நிதியில் நின்றுகொண்டு நான் பொய் சொன்னதில்லை. விவரம் தெரியாமல் சொன்னேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் சீர்காழிக்குக் கிழக்கே இருக்கிறது. பத்து மா நிலம், ஒரு மாடி வீடு, ஒரே மகள். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். வேதாகமம் தினமும் வாசிப்பேன், இங்கிலீஷ் என்றால் எழுத்துக் கூட்டுவேன். மகள் பெரிய படிப்பு படித்து பெங்களூர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். மாதத்தில் பாதி நாள் அங்கே போவாள், மீதி நாள் எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்வாள். எனக்கு முழங்கால் வலி, மாடி ஏறுவதில்லை. அதனால் மேலே என்ன நடக்கிறது என்பதை நான் காதால் மட்டும்தான் அறிவேன்.

காதுக்கு வந்தது இதுதான். அடிக்கடி கூரியர் வரும். பெட்டியைக் கொடுப்பவர், "கீபோர்டு சாமானுங்க" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார். மகள் போனில் யாரோ சிநேகிதிகளிடம், "இந்த நாலாவது கீபோர்டு சவுண்டு முன்னதைவிட அருமையா வருதுடி" என்பாள். "தொக்கு சரியா வரலை, நாளைக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் போட்டுப் பாக்கறேன்" என்பாள். அதைக் கேட்டு என் சம்சாரம், பிள்ளைக்குத் தொக்கு செய்ய வரவில்லையே என்று மனசு கேட்காமல், இரண்டு கிலோ தக்காளி வாங்கி வதக்கி, பாட்டிலில் போட்டு மாடிக்கு அனுப்பினாள். மகள் அதை இட்லிக்குத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டாள்.

பாட்டுச் சத்தம் கீழே கேட்டதே இல்லை. எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஒரு நாள், "ஏம்மா, மாடியிலேருந்து சத்தமே வரலையே?" என்று கேட்டேன். "காதுல ஹெட்போன் போட்டிருப்பேன்பா, உங்களுக்குத் தொந்தரவா இருக்கக்கூடாதுல்ல" என்றாள். அவள் வேலைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். நான் பாட்டைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்து, இவ்வளவு அடக்கமான பிள்ளையைக் கொடுத்தாரே என்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிற பலகைக்கும் கீபோர்டு என்றுதான் பெயர் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் கீபோர்டு என்றால் கோயிலில் இருப்பது, கல்யாணக் கச்சேரியில் இருப்பது. மற்றதை நாங்கள் கம்ப்யூட்டர் என்போம். அதற்குள் எந்த உறுப்புக்கு என்ன பேர் என்று யார் கண்டது?

இந்த வருஷம் சம்பா அறுவடை முடிந்து, அறுப்பின் பண்டிகைக்காகச் சபைக் கூட்டம் போட்டார்கள். எங்கள் கோயிலில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த வாலிபர் துபாய்க்குப் போய்விட்டார், போகும்போது அவருடைய கருவியையும் எடுத்துப் போய்விட்டார். பண்டிகைக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. மாயவரத்திலிருந்து ஆள் கூப்பிடலாம் என்றார் ஒருவர். சபைச் செயலாளர் வேறு யாருமில்லை, என் சம்சாரத்தின் அண்ணன். "வெளியூரு ஆளு நம்ம பாட்டுக்கு வாசிக்க மாட்டான். அவன் வாசிக்கிறதுக்கு நாம பாடணும்" என்றார்.

அப்போதுதான் எழுந்தேன். "எதுக்குங்க வெளியூரு ஆளு? என் மகள்கிட்ட நாலு கீபோர்டு இருக்கு. அவளுக்கு அதுன்னா உயிரு. பண்டிகை ஆராதனைக்கு அவ வாசிப்பா. ஆண்டவர் சந்நிதியில சொல்றேன்."

கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. போதகர் ஐயா, சின்ன வயசு, கையைக் கூப்பி, "ரொம்ப சந்தோஷம் அண்ணே" என்றார். என் மச்சான் மட்டும், "நாலா? ஒருத்திக்கு ரெண்டு கைதானே மச்சான்?" என்று கேட்டார். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

மகள் அப்போது பெங்களூரில் இருந்தாள். அவளுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஞாயிறு சபையில் அறிவித்தார்கள். நோட்டீசும் அடித்தார்கள். செய்தி இன்னார், ஜெபம் இன்னார், அதற்குக் கீழே "கீபோர்டு இசை" என்று போட்டு, என் மகள் என்று என் பேரையும் சேர்த்து அச்சாகியிருந்தது. என் பேர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இதுதான். ஒன்றை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

பண்டிகைக்கு முதல் நாள், சனிக்கிழமை காலையில் மகள் வந்து இறங்கினாள். காப்பியோடு நோட்டீசையும் கொடுத்தேன். படித்தாள். சிரித்தாள். இன்னொரு முறை படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா, இது யாரு?"

"நீதாம்மா."

"நான் என்னப்பா வாசிப்பேன்?"

"கீபோர்டு. நாலு இருக்குல்ல, உனக்குக் கை பழகினதை எடுத்துட்டு வா."

அவள் மாடிக்குப் போய், ஒரு துணிப்பை கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தாள். இரண்டு வெற்றிலைத் தட்டைச் சேர்த்து வைத்த நீளம்கூட இல்லை. பொடிப்பொடியான கட்டைகள், நாற்றங்கால் பச்சையில். ஒவ்வொன்றிலும் தமிழ் எழுத்து. அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் கறுப்பு வெள்ளைக் கட்டையைத் தேடினேன்.

"மிச்சம் எங்கம்மா?"

"இதான்பா முழுசும்."

"பாட்டு?"

"வராதுப்பா. எழுத்துதான் வரும்." ஒரு கட்டையை அழுத்தினாள். ஈர மண்ணில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்த மாதிரி, அழுத்தமாக ஒரு சத்தம் வந்தது.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் சம்சாரம், "ஏண்டி, இதுக்கா தொக்கு தொக்குன்னு சொல்லிட்டிருந்தே?" என்றாள்.

"ஆமாம்மா. அந்தச் சத்தத்துக்குப் பேரு அதான்."

"ரெண்டு கிலோ தக்காளிடி!"

எனக்குத் தக்காளி ஞாபகமில்லை. மறுநாள் காலை ஒன்பது மணி ஆராதனைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. "இதைக் கொஞ்சம் ரிப்பேர் பண்ணி, பாட்டு வர்ற மாதிரி ஆக்க முடியாதாம்மா? நீ படிச்ச பிள்ளை" என்று கேட்டேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்பா, மூணு வருஷமா மாடியில இதைத்தான் செய்றேன். ஒரு நாளாவது என்னதுன்னு கேட்டிருந்தா காட்டியிருப்பேனே."

போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன். போதகர் ஐயா நெல் மூட்டை ஏற்றிவர வண்டியோடு போயிருந்தார். கோயிலுக்குள் மைக்செட்டுக்காரர் தரையில் குந்தி ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். "வாங்கய்யா! பாப்பாவுக்குத் தனி லைன், தனி மைக். சத்தம் கடலுக்குள்ள போட்ல இருக்கறவன் வரைக்கும் கேக்கணும்னு செயலாளர் சொல்லிட்டாரு" என்றார். என் மச்சான் ஓரமாக நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எதிராகப் பேசிய அதே மனிதர், இப்போது பூசணிக்காய் கொண்டுவந்த ஒரு அம்மாவிடம், "என் மருமகதான். நாலு கீபோர்டு. ஒண்ணு போனா ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். "நாற்காலி உயரம் போதுமா மச்சான்?" என்று கேட்டார். "போதும்" என்றேன். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அன்றைக்குத்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். அறையில் அப்பளம் போட்டு வைக்கிற தகர டப்பாவுக்குள் அரிசியைவிடச் சின்னச் சுருள்கம்பிகள். கோலப்பொடிக் கிண்ணம் மாதிரி ஒன்றில் பிசுக்கு எண்ணெய், பக்கத்தில் ஒரு மெல்லிய தூரிகை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் உள்ள சுவிட்ச்சைப் பிரித்து, எண்ணெய் தடவி, திரும்பப் பூட்டுவாளாம். ஒரு பலகைக்கு அறுபதுக்கு மேல். சாயமும் அவளே ஏற்றியதுதான், எழுத்தும் அவளே வரைந்ததுதான். சம்பா நாற்று எந்த நாளில் எந்தப் பச்சையில் இருக்கும் என்று பார்த்து, பத்து மாதிரி சாயம் போட்டுப் பார்த்தாளாம். என் வயலைத்தான் பார்த்திருக்கிறாள். நான் பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்த்த நாற்றை அவள் இதற்காகப் பார்த்திருக்கிறாள்.

கம்ப்யூட்டர் திரையில் நாலைந்து பெண்பிள்ளைகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். ஒருத்தி கோயம்புத்தூர், ஒருத்தி கொழும்பு. எல்லோரும் இதே வேலைதான் என்றாள் மகள். அவரவர் செய்த பலகையைத் தட்டிக் காட்டுவது, மற்றவர்கள் கேட்பது. கோயம்புத்தூர் பெண்ணுக்குத் தலையில் ஒரு பக்கம் முடி, மறு பக்கம் மொட்டை.

"நேர்ந்துக்கிட்டியாம்மா?" என்று கேட்டேன். "பாதியில விட்டுட்டாங்களே."

"மீதி அடுத்த மாசம் அங்கிள்" என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல்.

"அங்கிள், ஒரு கட்டை தட்டுங்களேன்" என்றாள் கொழும்புப் பெண். மகள் என் விரலைப் பிடித்து ஒரு கட்டை மேல் வைத்தாள். அழுத்தினேன். தொக். திரையில் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜெபம் முடியக் காத்திருப்பது போல ஒரு அமைதி. பிறகு கோயம்புத்தூர்ப் பெண், "அங்கிளுக்குக் கை கனம்டி. என்ன ஒரு அடி!" என்றாள். எனக்கு என்னவோ வெட்கமாக இருந்தது. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன்.

திரையை அணைத்துவிட்டு மகள் கேட்டாள். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லலம்மா."

"இதை மனசுல வச்சுக்கிட்டு நாளைக்கு ஆராதனைக்குப் போவீங்களா?"

அவளே போதகர் ஐயாவுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மறுமுனையில் போதகர் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. சிரித்து முடித்து அவர் தன் கஷ்டத்தைச் சொன்னார். ஐப்பசி மழையில் கோயில் அலமாரிக்குள் தண்ணீர் இறங்கி, பாட்டுப் புத்தகமெல்லாம் செங்கல் மாதிரி ஒட்டிக்கொண்டது. அறுப்புப் பாட்டு எங்கள் சபையில் முன்பு இருந்த ஒரு உபதேசியார் எழுதியது, வேறு எங்கேயும் கிடைக்காது. வருஷத்துக்கு ஒரு முறை பாடுவதால் ஜனங்களுக்கு ராகம் நினைவிருக்கும், வார்த்தை இருக்காது. மிஞ்சியிருப்பது போதகர் கையில் உள்ள ஒரே ஒரு நோட்டு. சுவரில் வார்த்தையைக் காட்டப் புரொஜெக்டர் இருக்கிறது, ஆனால் அடித்துக் கொடுக்கிற வாலிபரும் துபாய்க்குப் போனவர்தான்.

"அப்ப நான் அடிக்கிறேன்" என்றாள் மகள். "நீங்க எல்லாரும் பாடப் பாட, அங்கயே உக்காந்து."

போனை வைத்ததும் நான் கேட்டேன். "ஏம்மா, இப்பவே அடிச்சு வச்சுட்டா சுலபமில்லையா?"

"பத்து நிமிஷ வேலைப்பா. ஆனா அது படம் காட்டறது. எல்லார் முன்னாலயும் உக்காந்து என் கையால அடிச்சாத்தான் நீங்க சொன்னது பொய்யாகாது. நீங்க ஒண்ணு மட்டும் செய்யணும். முதல்ல எழுந்து விஷயத்தைச் சொல்லிடணும்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் நெல் மூட்டை, வாழைத்தார், பூசணி, பரங்கி, கம்பியில் கட்டிய ஒரு சேவல். பக்கத்தில் மேசை போட்டு மகள் உட்கார்ந்தாள். மைக்செட்டுக்காரருக்கு விஷயம் எட்டவில்லை. கீபோர்டு என்று சொன்னார்கள், கீபோர்டுக்கு முன்னால் மைக்கை வைத்துவிட்டார்.

போதகர் கையசைத்ததும் நான் எழுந்தேன். "சபையாருக்கு ஸ்தோத்திரம். நான் சொன்ன கீபோர்டு பாட்டுக் கீபோர்டு இல்லீங்க. எழுத்துக் கீபோர்டு. எனக்குத் தெரியாம சொல்லிட்டேன். மன்னிக்கணும். ஆனா என் மகளுக்கு அதுன்னா உயிருங்கறது நிஜம்" என்று சொல்லி உட்கார்ந்தேன். ஜனங்கள் தலையாட்டினார்கள். ஒருத்தருக்கும் புரியவில்லை என்று தெரிந்தது. பின்னால் ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம், "என்னவாம்?" என்றாள். "புது மாடலாம்" என்றாள் அடுத்தவள்.

மகள் ஆரம்பித்தாள். தொக், தொக், தொக்கு தொக்கு. கோயிலுக்குள் நாலு ஸ்பீக்கர் பெட்டி, வெளியே தென்னை மரத்தில் இரண்டு குழாய். அத்தனையிலும் அந்தச் சத்தம். சுவரில் ஒவ்வொரு எழுத்தாக முளைத்தது. ஜனங்கள் தெரிந்த அளவுக்குப் பாடினார்கள். அவள் நின்றால் நின்றார்கள். அவள் வேகமெடுத்தால் மூச்சிரைக்க ஓடினார்கள். "களஞ்சியம்" என்ற வார்த்தையில் "களஞ்" வரைக்கும் வந்து நோட்டைப் பார்க்க ஒரு நொடி நிறுத்தினாள். நூற்றைம்பது பேர் "களஞ்ஞ்ஞ்" என்று இழுத்துக்கொண்டே காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் சேவல் கூவியது. மைக் அதையும் விடவில்லை.

முதல் வரி கரை சேர்ந்தது. அடுத்த வரி, "உமது கையால் நிறைத்தீரே." அவளுடைய பலகையில் க-வும் ப-வும் பக்கத்துப் பக்கத்து வீடு. விரல் ஒரு வீடு தள்ளி விழுந்துவிட்டது. சுவரில் "உமது பையால்" என்று வந்தது. சபை ஒரு குரலாக, "உமது பையால்" என்று பாடிவிட்டது.

மகளின் காது சிவந்தது. அழித்தாள். சுவரில் எழுத்து ஒவ்வொன்றாகப் பின்னால் மறைந்தது. சபை திகைத்து நின்றது. "கையால்" என்று அடித்தாள். சபை அதையும் விடவில்லை, "கையால் நிறைத்தீரே" என்று பாடி முடித்தது. ஆக, பாடியது இதுதான்: உமது பையால், கையால் நிறைத்தீரே.

என் மச்சான் திரும்பி என்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உருகிக்கொண்டிருந்தார். முன்னால் சாக்குப்பை சாக்குப்பையாக நெல் இருக்கிறது. ஆண்டவர் பையாலும் நிறைத்தார், கையாலும் நிறைத்தார். அவர்களுக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாம் சரணத்தில் அதே வரி திரும்ப வந்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, எழுத்து பிசகாமல் "உமது கையால்" என்று சுத்தமாக அடித்தாள். சபை சுவரைப் பார்க்கவே இல்லை. "உமது பையால், கையால்" என்று தானாகவே பாடியது. முதல் தடவையைவிடச் சத்தமாக. மகள் ஒரு கணம் போதகரைப் பார்த்தாள். போதகர் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. அவள் என்னைப் பார்த்தாள். நானும் வாயைத் திறந்து "பையால்" என்று பாடினேன். மூன்றாம் சரணத்தில் அவளே சுவரில் "பையால், கையால்" என்று அடித்துவிட்டாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஜனங்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். "சத்தம் கொஞ்சம் ஒத்தையா இருக்கு, ஆனா தாளம் சுத்தம்மா" என்றார் ஒரு பெரியவர். பூசணிக்காய் அம்மா பலகையைத் தடவிப் பார்த்து, "இந்தப் பச்சை எங்க வயல்ல இருபதாம் நாளு வரும்" என்றாள். மகள் முகத்தை அப்போது பார்க்கவேண்டும். பத்து மாதிரி சாயத்தில் அவள் எடுத்தது இருபதாம் நாள் நாற்றின் பச்சைதானாம்.

எல்லோரும் போனபின் என் மச்சான் சபைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்தார். "மச்சான், இங்கதான் சிக்கல். கீபோர்டு வாசித்தார்னு எழுதறதா, என்னன்னு எழுதறது?"

நான் எழுந்து சொன்ன வார்த்தைக்கு இனி எழுத்தில் ஒரு முடிவு வந்தாக வேண்டும். மகளைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்கப்பா" என்றாள்.

"அவ தட்டினா, சுவத்துல வந்ததை நாமதானே வாசிச்சோம்? அதை அப்படியே எழுதுங்க. சகோதரி கீபோர்டு தட்டினார், சபையார் வாசித்தனர்."

அவர் அழகான கையெழுத்தில் எழுதினார். மை காய ஊதினார். எழுதியதை ஒரு முறை படித்தார். நெற்றி சுருங்கியது.

"சபையார் வாசித்தனர்னு போட்டுட்டோமே. மேலிடத்துலேருந்து கணக்குப் பாக்க வந்தா, மொத்தம் எத்தனை கீபோர்டுன்னு கேப்பாங்களே மச்சான்?"

மகள் பலகையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டே, "வரட்டும் மாமா" என்றாள். "வந்தாங்கன்னா அவங்களுக்கும் ஒண்ணு தட்டிக் காட்டுறேன்."